முகமில்லாக் கணினியோடு பேசும் முறை



ஒரு வீட்டிலுள்ள கணினிகளும் கைத்தொலைபேசிகளும் இணையத்திற்குச் செல்லும் வழியில் நிற்கும் கருவியை ரௌட்டர் என்கிறோம். இணைய இணைப்போடு வரும் பெட்டியையே பெரும்பாலோர் இவ்வாயிலுக்குக் காவலாக விட்டிருக்கின்றனர். அதனுள் இயங்குவது எதுவென அவர்கள் அறியார். அதற்குத் திருத்தங்கள் வருவது நின்றுபோனாலும் அறியார். அக்காவலைத் தம் பொறுப்பிலேயே கொள்ள விரும்புவோர், சிறு கணினியொன்றில் தாம் தேர்ந்த இயக்க முறைமையை நிறுவுகின்றனர்.

இதற்குப் பெரிதும் பயன்பட்டது, சுவிற்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய ஏபியு2 என்னும் பலகை. சுமார் 15 சென்ரிமீற்றர் சதுரம். மூன்று வலையமைப்பு வாயில்கள். இவ்வரிசையை நிறுத்துவதாக 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது. எனினும் விற்பனையான பலகைகள் இன்றும் பல வீடுகளில் உழைக்கின்றன. விசிறி இல்லை, வெப்பம் அலுமினியத் தகட்டின் வழியே பெட்டிக்குச் செல்கிறது. ஆகவே அத்தகட்டைப் பொருத்துமுன் மின்சாரம் கொடுத்தல் ஆகாது.

திரையை இணைக்கவோ இதில் இடமில்லை. பின் இதனோடு பேசுவது எங்ஙனம்? ஒன்பது முள் கொண்ட தொடர்வாயில் ஒன்று உண்டு. ஆர்.எஸ். 232 என்னும் இத்தரம் 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றது. மடிக்கணினியிலிருந்து இதற்கு ஒரு கம்பி வேண்டும். அது குறுக்கிட்ட கம்பியாய் இருத்தல் அவசியம். ஒன்றின் வாய் மற்றதன் செவியோடு சேரவேண்டுமல்லவா?

அடுத்தது வேகம். இக்கம்பியில் எழுத்துக்கள் துடிப்புகளாய்ச் செல்கின்றன. விநாடிக்கு 115200 என்றால் ஒரு துடிப்பு நிற்பது ஏறக்குறைய 8.7 மைக்கிரோ விநாடி. 9600 என்றால் 104. எவ்வேகத்தில் பேசுவது என்று இரு கருவிகளும் தம்முள் கேட்டறிவதில்லை. ஒன்று விரைந்து பேச மற்றது மெல்லச் செவிமடுத்தால், திரையில் வருவது வெறுங் குப்பையே.

1995இல் கனடாவின் தியோ டி ராட் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி என்னும் முறைமையை நிறுவுவதாகக் கொள்வோம். அதன் நிறுவற் படிமத்தைப் பென் டிரைவில் எழுதுக. எழுதுமுன் வட்டின் பெயரை இருமுறை பாருங்கள். பெயர் மாறினால் அழிவது உங்கள் சொந்தக் கோப்புகளாகும். மடிக்கணினியின் முனையத்தை 115200இல் வைத்து, பலகைக்கு மின்சாரம் கொடுத்து, எஃப்10 விசையை அழுத்தி, பென் டிரைவைத் தெரிக.

‘பூட்’ என்னும் சொல் தோன்றும். வழக்கில் ஐந்து விநாடியே அது காத்திருக்கும். பலர் இடறும் இடம் இதுவே. இதுகாறும் எழுத்துக்களைக் கம்பிக்கு அனுப்பியது பலகையின் அடிநிலை மென்பொருள். இனி வரும் உட்கரு அதன் உதவியை நாடாது. இல்லாத திரையை நோக்கிப் பேசத் தொடங்கும். கம்பியில் மௌனம்! பலகை பழுதென்று பலர் எண்ணுவர். பழுது ஏதும் இல்லை. ஆகவே இரு கட்டளைகளைத் தட்டெழுத வேண்டும். முதலாவது, ‘எஸ்டிடிவை காம்0 115200’. இது வேகத்தைக் குறிப்பது. இரண்டாவது, ‘செட் டிடிவை காம்0’. இது பேச்சைக் கம்பிக்குத் திருப்புவது. முதலாவதை விட்டால் முறைமை தன் வழக்கமான 9600இல் பேசும்.

பின்வரும் வினாக்கள் எளியன. தொடர்வாயிலையே நிலையான முனையமாக்கவா என்று நிறுவி கேட்கும்போது மட்டும் ஆம் என்று விடையளித்து, அதே வேகத்தைக் கொடுங்கள். மறந்தால் அடுத்த தொடக்கத்தில் மீண்டும் மௌனமே.

நிறுவிய பின், மூன்று வாயில்களுள் எது எதுவென அறிய, கேபிளை ஒவ்வொன்றாய்ச் செருகி எப்பெயர் உயிர்பெறுகிறது என்று பாருங்கள். பொதிகளை ஒரு வாயிலிலிருந்து மற்றதற்குக் கடத்தும் அனுமதி இயல்பில் மூடியிருக்கும், அதைத் திறந்துவிடுக. 2001 முதல் இம்முறைமையோடு வரும் பிஎஃப் என்னும் பொதி வடிகட்டிக்கு விதிகளை எழுதுவது இறுதி வேலை. அதைத் தொடர்கம்பியின் வழியே செய்தல் நன்று. விதியிற் பிழை நேர்ந்து வலையமைப்பு முழுதும் அடைபட்டாலும், அந்தக் கம்பிக்குப் பிஎஃப் குறுக்கே நிற்பதில்லை. உள்ளே சென்று பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.