உங்களுக்குத் தெரியுமா? நாலு மீட்டருக்குள் ஒரு டிக்கி

● டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். அமேஸ் 3,995. ஆரா 3,995. டிகோர் மட்டும் கொஞ்சம் அடக்கமாக 3,993. நான்கு கம்பெனிகள் தனித்தனியாக உட்கார்ந்து வரைந்த கார்கள் ஒரே அளவில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. 2006 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4,000 மி.மீ. தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜின் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. தாண்டக் கூடாது. அதே பட்ஜெட்டில் கலர், சோடா வகையறாவுக்கும் அதே சலுகை கிடைத்தது. அது போகட்டும், அன்றிலிருந்து இந்தக் கார்கள் ஸ்கேல் வைத்துத்தான் பிறக்கின்றன.

● அந்த ஸ்கேலுக்குள் அடங்கிய முதல் செடான், 2008ல் வந்த டாடா இண்டிகோ சி.எஸ். ஏற்கெனவே இருந்த இண்டிகோவின் பின்பக்கத்தைக் குறுக்கி 3,988 மி.மீ.க்குள் கொண்டுவந்தார்கள். ‘சி.எஸ்.’ என்பது காம்பாக்ட் செடான் என்பதன் சுருக்கம். இந்த வகைக்கே பெயர் வைத்துவிட்டுப் போன வண்டி அது. தெருவில் இப்போது அபூர்வம்.

● அதே 2008ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மி.மீ.; அன்றைய பெட்ரோல் என்ஜின் 1,298 சி.சி. இரண்டு கணக்கிலும் வரம்புக்கு வெளியே. 2010ல் என்ஜின் 1,197 சி.சி. ஆனது. 2012 பிப்ரவரியில் வந்த அடுத்த தலைமுறையில் வாலையும் வெட்டி 3,995க்குக் கொண்டுவந்தார்கள். டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316க்கு இறங்கியது. ஆகவே, பழைய மார்க்கெட்டில் ‘2011 டிசையர்’, ‘2012 டிசையர்’ என்று அடுத்தடுத்து நிற்பவை பெயரில் மட்டும்தான் ஒன்று. குடும்பத்தோடு திருப்பதி போய் வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பெட்டி ஏற்றும்போது உணர்வார்கள். இன்றைய டிசையரில் 382, ஆராவில் 402, அமேஸில் 416, டிகோரில் 419 லிட்டர்.

● நீளம் அடங்கினாலும் என்ஜின் மீறினால் சலுகை கிடையாது. ஃபோர்டு ஆஸ்பயரின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் 1,499 சி.சி. என்ஜின் இருந்தது, புதிதாக வாங்கியவர்கள் பெரிய கார் வரி கட்டித்தான் வாங்கினார்கள். அந்த வரியை முதல் ஓனர் கட்டி முடித்துவிட்டதால், இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு அந்த என்ஜின் ஓசியில் கிடைத்த மாதிரி. ஆனால் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது என்பதையும், உங்கள் ஊரில் சர்வீஸுக்கு எங்கே போவது என்பதையும் யோசித்த பிறகு சந்தோஷப்படுங்கள்.

● 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் செஸ் சேர்த்துப் பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31. நாலு மீட்டரைத் தாண்டினால் இப்போது 40. 2006ல் போட்ட கோடு, வரியின் பெயர் மாறிய பிறகும் அதே இடத்தில்தான் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. புது வண்டியின் விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தான் ஆக வேண்டும். விற்பவர் தான் வாங்கிய பழைய பில்லைக் காட்டி விலை சொன்னால், இன்றைய ஷோரூம் விலையை நீங்கள் காட்டுங்கள்.

● தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய ஆயுட்கால வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் கவனிக்க வேண்டியது 10 லட்சம் என்கிற படி. வருமான வரி போல மேலே உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்பதில்லை. தாண்டினால் முழு விலைக்கும் 18. வண்டி விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் சன்ரூஃப் ஆசைக்கு 53,100 ரூபாய் கூடுதல் வரி! போதாதற்கு, 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள். அது மட்டும் வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும். டாப் மாடலுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிப் பார்ப்பது நல்லது.

● டிசம்பர் தள்ளுபடி சும்மா வருவதில்லை. ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். ஜனவரியில் ஓட்ட ஆரம்பித்த வண்டியை விற்கப் போகும்போது புரோக்கர் முதலில் பார்ப்பது தயாரிப்பு வருடத்தைத்தான். பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவர் கவலைப்படாமல் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு அது தள்ளுபடியே இல்லை.

● சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகள். எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.டி. டாடா, எம்.ஏ.கே. ஹோண்டா. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் அதில் வரவே வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் உலகம் முழுக்க விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி உலோகம் தேய்த்த தடம் தெரிந்தால் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடலாம்.

● டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டியில் நாலு டயரும் புதிதாக இருந்தால், பழையவை எப்படித் தேய்ந்தன என்று கேளுங்கள். ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள், அதை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. கண்ணாடிகளிலும் தயாரிப்புக் குறி உண்டு. ஐந்து கண்ணாடி ஒரு வருடம், ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் அந்தப் பக்கத்துக் கதவிலும் பில்லரிலும் டிங்கரிங் நடந்திருக்கிறதா என்று தேட வேண்டும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்தால், கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்டமாக இருக்கும். பட்டி பூசிய இடத்தில் அந்த வட்டங்கள் காணாமல் போயிருக்கும்.

● சென்னை வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் எங்கே நின்றது? வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவித் துடைத்து வாசனை தெளித்துவிடலாம். ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஈரப்பனி இருக்கிறதா பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேட்டால் மழுப்புகிறவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

● டி.என். 43 ஊட்டி. டி.என். 69 தூத்துக்குடி. நம்பர் பிளேட் வண்டியின் பிறந்த ஊரைச் சொல்லிவிடும். மலையில் ஏறி இறங்கிய வண்டி என்றால் கிளட்ச், பிரேக். கடற்கரையில் நின்றது என்றால் அடிப்பாகத்துத் துரு.

● டிசையர், எக்ஸ்சென்ட், இண்டிகோ மூன்றுமே டாக்ஸிக்காரர்களின் செல்லப் பிள்ளைகள். அதனால் டி போர்டாக ஓடிப் பிறகு ஓன் போர்டாக மாறிய வண்டிகள் இந்த வகையில் நிறைய. மாற்றுவது சட்டப்படியானதுதான், மறைத்து விற்பதுதான் தப்பு. மஞ்சள் போர்டை மாற்றலாம். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவிடாத கவர்னரின் மிச்ச வயர், மேலே கேரியர் இருந்த துளை, வலது முன் சீட் மட்டும் பள்ளம் விழுந்திருப்பது ஆகியவை பேசிவிடும். விலையும் அதற்கேற்ப இருந்தால் வாங்குவதில் தவறில்லை. ஒழுங்காக சர்வீஸ் செய்த டாக்ஸி, வாரம் ஒருமுறை மட்டும் ஸ்டார்ட் செய்த வீட்டுக் காரைவிட மேல் என்பது என் கட்சி.

● இன்று ஷோரூமில் நாலு மீட்டருக்குள் டீசல் செடான் ஒன்றுகூட இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததோடு மாருதி டீசலை மூட்டை கட்டியது. ஆரா, அமேஸ் டீசல்களும் அடுத்த சில ஆண்டுகளில் போய்விட்டன. டீசல் வேண்டும் என்றால் பழைய மார்க்கெட்தான் கதி. அங்கே மலிவாகக் கண்ணில் படுவது டெல்லி வண்டி. 10 வருடம் தாண்டிய டீசல் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் சொன்னதால் அவை தெற்கே இறங்கின. 2025ல் அந்தப் பிடி நீதிமன்றத்தில் சற்றுத் தளர்ந்தது வேறு கதை. அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வயதுக்கேற்ற ஆயுட்கால வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். இதெல்லாம் சேர்ந்த பிறகும் மலிவுதானா என்று கூட்டிப் பாருங்கள்.

● இது காரை விற்பவர்களுக்கு. 2007ல் ஒருவர் தன் காரை விற்றார். ஆர்.சி.யில் பெயர் மாற்றப்படவில்லை. வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு என்று வண்டி கைமாறிக்கொண்டே போனது. 2009ல் அந்த வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது மோதி ஒரு சிறுவன் இறந்தான். இழப்பீடு யார் தலையில்? ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர், ஆகவே முதலில் விற்றவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தபோது ஸ்டியரிங்கில் இருந்தவரை அவருக்குத் தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை. பார்ம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நம்மிடையே ஏராளம். விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு சொல்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து, அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் ஒப்படைத்தால் பார்ம் 29சி மூலம் அறிவிக்கலாம். அதன்பின் அந்த வண்டிக்கு அந்த டீலர்தான் ஓனராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

● ‘50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு சார்’ என்று காரோடு சேர்த்து விற்பார்கள். அந்த போனஸ் காருக்கு அல்ல, ஆளுக்கு. விற்பவர் அதை எழுதி வாங்கி மூன்று வருடத்துக்குள் தன் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்குகிறவர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

● ஆர்.சி.யில் எச்.பி. (கடன் குறிப்பு) இருந்தால் கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யோடு பார்ம் 35ம் வேண்டும். ‘டியூ கட்டியாச்சு’ என்ற வார்த்தை மட்டும் போதாது.

● 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான காரில் டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், வேக எச்சரிக்கை கட்டாயம். பக்கத்து சீட்டு ஏர்பேக் 2021 கடைசியில்தான் எல்லாக் கார்களுக்கும் வந்தது. பழைய பேஸ் மாடல் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தேதிகள் விலையைவிட முக்கியம்.

● நட்சத்திரத்துக்கும் தேதி உண்டு. இரண்டாம் தலைமுறை அமேஸ் 2019ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரம் வாங்கியது. 2024ல் அதே தலைமுறைக்குக் கிடைத்தது 2. இடையில், 2022ல், பரீட்சை கடினமாகிவிட்டது. 2024 நவம்பரில் அறிமுகமான டிசையர் புதிய பரீட்சையில் 5 நட்சத்திரம் வாங்கியது. விளம்பரத்தில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், எந்த வருடத்தில் வாங்கியது என்றும் பாருங்கள்.

● டிசையர், ஆரா, டிகோர் ‘ஆட்டோமேட்டிக்’ எல்லாம் ஏ.எம்.டி. கிளட்ச் பெடல் இல்லை என்பதால் கிளட்ச் பிளேட் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருக்கும். டிராஃபிக்கில் பாதி வாழ்க்கையைக் கழித்த வண்டியை மேட்டில் நிறுத்தி நகர்த்திப் பாருங்கள். அமேஸில் இருப்பது சி.வி.டி.; அது வேறு ஜாதி.

● பழைய கார் டீலர் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. முழு விலைக்கு அல்ல, அவருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும். தனி நபர் தனி நபருக்கு விற்றால் அதுவும் இல்லை.

● இரண்டாவது சாவியை யாரும் நினைவாகக் கேட்பதில்லை. ‘வீட்டில் எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்’ என்பார்கள். கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். பாக்கித் தொகையில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி அன்று சாயங்காலமே கிடைத்துவிடும்.