ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து

கனடாவின் க்ளே நிறுவனம் 2019-இல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட்'. சிறுகோள் ஒன்றின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்ட குட்டி மனிதர்களுக்கு நாம்தான் குடியிருப்பு கட்டித்தர வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் செலவாகும். பகாசுரர்கள்! நமக்கெல்லாம் நாள் முழுக்க ஒரு கிலோகூடத் தேவைப்படாது.

இந்தக் குட்டி மனிதர்களுக்கு ஆக்சிஜன் தர வழக்கமான வழி மின்பகுப்பு. இயந்திரம் நொடிக்கு ஒரு கிலோ தண்ணீரை உறிஞ்சி, 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தரும். இது கைபோன போக்கில் போட்ட கணக்கல்ல; நிஜத் தண்ணீரிலும் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன்தான். கிடைத்த ஹைட்ரஜனை ஜெனரேட்டரில் எரித்தால், இயந்திரத்துக்கு வேண்டிய 120 வாட் போக ஏராளமாக மிஞ்சும். இந்த இடத்தில் மட்டும் இயற்பியலுக்கு விடுமுறை. நிஜத்தில் போட்ட மின்சாரமே முழுதாகத் திரும்பி வராது.

ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று, பாசியிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவியையும் அதே அறையில் ஓடவிடுகிறோம் என்று வையுங்கள். காற்றழுத்தம் ஏறும். விளையாட்டின் கட்டம் ஒன்றில் காற்று 1.8 கிலோவைத் தொட்டதும் மின்பகுப்பு இயந்திரம் நின்றுவிடும். ஆக்சிஜன்தான் தாராளமாக இருக்கிறதே, நிற்கட்டும் என்று விட முடியாது. கூடவே ஹைட்ரஜனும் நின்றுபோயிருக்கும். அதை நம்பிய ஜெனரேட்டர் அணையும். பேட்டரி வடிந்ததும் தண்ணீர் பம்பும் பாசிக் கருவியும் அடங்கும். பிறகு அழுத்தம் இறங்கினாலும் இயந்திரத்தை எழுப்ப மின்சாரம் இருக்காது. யாரையாவது சக்கரத்தில் ஏற்றி ஓடவிட்டு மின்சாரம் எடுக்க வேண்டியதுதான். காப்புக்கு வைத்ததே காலை வாரிவிட்டது.

ஆகவே மாற்று ஏற்பாடு தூங்க வேண்டும். காற்றழுத்த உணரியைப் பாசிக் கருவியோடு இணைத்து, அழுத்தம் அரை கிலோவுக்குக் கீழே போனால் மட்டும் விழிக்கும்படி வைக்கலாம். அதற்கு மின்சாரமும் வேறு இடத்திலிருந்து, உதாரணமாக ஒரு நிலக்கரி ஜெனரேட்டரிலிருந்து, வரவேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே கம்பியில் தொங்கும் இரண்டு கருவிகளை நான் இரண்டு என்று கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே அடுக்குதான். ரஷ்யப் பகுதியில் 'எலெக்ட்ரான்' என்ற மின்பகுப்பு இயந்திரம், அமெரிக்கப் பகுதியில் தனியாக இன்னொன்று, சரக்குக் கலங்கள் கொண்டுவரும் ஆக்சிஜன், கடைசியாக 'விகா' எனும் ஆக்சிஜன் மெழுகுவத்தி. இது வேதிப்பொருள் நிரப்பிய உருளை. பற்றவைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கான ஆக்சிஜன் தரும். மின்பகுப்பு இயந்திரமோ தண்ணீரோ வேண்டாம். ஆனால் அதற்கே உரிய ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரியில் மிர் விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் இருந்தபோது, கூடுதல் ஆக்சிஜனுக்காகப் பற்றவைத்த இப்படியொரு உருளை தீப்பிடித்தது. தப்பிப்பதற்கென்று இரண்டு சோயுஸ் கலங்கள் காத்திருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் போகும் வழியை அந்தத் தீயே மறித்துக்கொண்டது.