புகையில் ரன்வே தெரியலைன்னா விமானி என்ன செய்வார்? எளிய விளக்கம்

இரவில் கரை திரும்பும் குருசுக்குப்பம் மீனவர்களுக்கு, புதுச்சேரி கலங்கரை விளக்கம் ஓர் அடையாளம். விமானிக்கும் அப்படி வழிகாட்டும் வெளிச்சம் இருக்கு. அதுதான் 'அப்ரோச் லைட்ஸ்'.

எங்கே இருக்கும்?
பெரிய விமான நிலையங்களில், ரன்வே தொடங்குவதற்கு முன்பே சுமார் 900 மீட்டர் தூரத்துக்கு வரிசையாக நிற்கும். நடுவரிசையைப் பார்த்தால் விமானம் நேராக வருதான்னு தெரியும். குறுக்கு வரிசையைப் பார்த்தால் இறக்கை சாயாமல் இருக்கான்னு தெரியும்.

உயரம் எப்படித் தெரியும்?
ரன்வே ஓரத்தில் 4 'பாப்பி' விளக்குகள் இருக்கும். 2 வெள்ளை, 2 சிவப்பு தெரிந்தால் உயரம் சரி. நாலும் வெள்ளை என்றால் அதிக உயரம். நாலும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு, ஆபத்து!

எப்போது முடிவெடுப்பார்?
வழக்கமான ஐ.எல்.எஸ். முறையில், தரையிலிருந்து சுமார் 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் இந்த விளக்குகளோ ரன்வேயோ கண்ணில் படணும். படலைன்னா இறங்கக் கூடாது, உடனே மேலே ஏறிடணும். இதுதான் 'கோ-அரவுண்ட்'.

புகை ரொம்ப அடர்த்தியாக இருந்தால் விளக்கும் உதவாது. 2018 போகி அன்று காலை, புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

அதனால், இறங்க வந்த விமானம் திடீர்னு மேலே ஏறினால் பதற வேண்டாம். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் அந்த முடிவு.