தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும்



கோமுகி அணைப் பாசனத்திலோ ஏரிக்குக் கீழேயோ நிலம் இருந்தால், மீன் வளர்க்க மண்குட்டை போதும். அதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. ஆனால் போர் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்களும், கல்வராயன் மலையில் சரிவு நிலம் வைத்திருப்பவர்களும் குட்டையை நிரப்பத் தண்ணீருக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு ஏற்றதுதான் தொட்டி முறை. மீனை நெருக்கமாக விட்டு, அதே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்ப ஓட்டுவது. 2020-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா திட்டத்தில் இதற்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். மலைவாழ் மலையாளி மக்கள் இரண்டாவது கணக்கில் வருவார்கள். இப்போதைய நிலவரத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் என்றதும் தொட்டியைக் கட்டிவிடுகிறோம். வடிகட்டியைப் பற்றி அப்புறம்தான் யோசிக்கிறோம். கடன் வாங்கிப் போட்ட பணம் அங்கேதான் போகிறது. "தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சுங்க, காலையில பாத்தா மீனெல்லாம் மிதக்குது" என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு வேறு, மீனைக் கொல்கிற அழுக்கு வேறு.

ஆட்டுப்பட்டியில் மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அதுதான் அம்மோனியா. மீன் அதைச் செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. நூற்றுக்கு 30 பங்கு புரதம் உள்ள தீனி 1 கிலோ போட்டால், ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா தழைச்சத்து தண்ணீரில் சேரும். 10,000 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராம். ஒரே நாள் கணக்கு இது! மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை என்று போட்டிருக்கும் அல்லவா, தண்ணீருக்கும் அது உண்டு. அந்த நிலை 7-இல் இருந்தால் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சாக இராது. 8 ஆனால் 6 பங்கு, 9 ஆனால் 40 பங்கு நஞ்சு. இந்த நஞ்சு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தாலே செவுள் கெட ஆரம்பிக்கும்.

ஆகவே வடிகட்டிக்கு இரண்டு வேலை. முதல் வேலை சாணியும் மிச்சத் தீனியும் கரைவதற்குள் பிடிப்பது. போடுகிற தீனியில் கால் பங்கு இப்படிக் கசடாகும். வட்டத் தொட்டியின் நடுவில் அடிவாய் வைத்து, தண்ணீர் சுழலும்படி விட்டால் கசடு தானாக நடுவில் கூடும். அங்கிருந்து படிவு டிரம்முக்கோ சல்லடைக்கோ கொண்டுபோங்கள். தினமும் வெளியேற்ற வேண்டும்.

இரண்டாவது வேலையைச் செய்வது இயந்திரம் அல்ல, நுண்ணுயிர்கள். நீங்கள் வயலில் போடும் யூரியாவைப் பயிர் எடுக்கும் நைட்ரேட்டாக முடிப்பதும் இதே கூட்டம்தான். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சுதான், மீனின் ரத்தமே பழுப்பாகிவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. இவை ஒட்டி வாழ இடம் வேண்டும். ஜல்லி, வெட்டிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் சக்கரம் எதுவானாலும் சரி. காற்று ஓயாமல் போகணும். தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒரு தடவையாவது இந்த வழியாகப் போய் வருவது நல்லது.

இந்த நுண்ணுயிர்கள் வாங்கி வைத்த அன்றே வேலை செய்யாது. பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். மலையில் மார்கழிக் குளிரில் இன்னும் கூடும். ஆகவே முதல் நாளே குஞ்சு விடாதீர்கள். துளி நவச்சாரம் போட்டு வெறும் தொட்டியை ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கூடைத் துண்டு கிடைத்தால் தயிருக்கு உறை ஊற்றுவது போல ஆகும். ஆனால் நோய் இல்லாத தொட்டியாக இருக்கணும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் இறங்கிய பிறகுதான் குஞ்சு. அளந்து பார்க்கும் பெட்டி வண்ணமீன் கடையில் கிடைக்கும். இந்தப் பெட்டி வாங்காமல் தொட்டி முறையில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

பிளீச்சிங் பவுடரோ மீனுக்கான நோய் மருந்தோ வடிகட்டிக்குள் போனால் நுண்ணுயிரெல்லாம் செத்து, பழைய கதைதான். துண்டுகளைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். இவை வேலை செய்யச் செய்யத் தண்ணீர் புளித்துப்போகும். 7-க்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகும். 1 கிலோ தீனிக்குக் கால் கிலோ வரை சமையல் சோடா தேவைப்படலாம். அளந்து பார்த்துப் போடுங்கள்.

போர் தண்ணீரில் பிராணவாயு இராது. உயரத்திலிருந்து தெளித்து விழவிட்டு நிரப்புங்கள். நெருக்கமான தொட்டியில் மின்சாரம் போனால் அரைமணி நேரத்தில் மீன் வாய் பிளக்கும். ஜெனரேட்டருக்கோ பேட்டரி காற்றுப் பம்புக்கோ பணம் ஒதுக்க முடியாதவர்கள் மீனைப் பாதியாகக் குறைத்து விடுங்கள்.

திலேப்பியா வளர்ப்பதானால் மீன்வளத்துறை அனுமதி வாங்கணும். படிவு டிரம்மில் வரும் கசட்டுத் தண்ணீரை ஓடையில் விட வேண்டாம், அது கரும்புக்கும் மரவள்ளிக்கும் நல்ல உரம். நைட்ரைட்டை அடக்கத் தொட்டியில் உப்புப் போட்டிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரை வயலுக்குத் திருப்பாதீர்கள்.