பழைய புல்லட்டுக்கு முதல் செலவு எதற்கு?

திண்டிவனம் - மரக்காணம் சாலையில், பெருமுக்கல் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களில் சிலர் அப்பா காலத்துப் புல்லட்டை இன்னும் கைவிடவில்லை. கொள்முதலுக்கும் வசூலுக்கும் அதுதான் துணை. "இருக்கிற வண்டியையே கொஞ்சம் மாற்றிப் புது வண்டி போல ஓட்டலாமே" என்ற எண்ணம் இவர்களில் பலருக்கு உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பணத்தை எந்த வரிசையில் செலவு செய்கிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

சீமையில் பிறந்து சென்னையில் வளர்ந்தது

புல்லட் இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி உருவாக்கிய வண்டி. நமது ராணுவம் 1950களின் முற்பகுதியில் அதை வாங்கத் தொடங்கியது. 1955-ல் அக்கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. 1977-ல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994-ல் ஐஷர் நிறுவனம் பொறுப்பேற்றது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் 2010 வாக்கில் விடைபெற்றது. நாம் இங்கே பேசுவது அந்தப் பழைய 350 வண்டியைப் பற்றித்தான்.

முதலில் நிற்கட்டும்

அந்த என்ஜின் 346 சி.சி.; சக்தி சுமார் 18 குதிரைத் திறன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பின்னால் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இருந்தால் நிற்கும் தூரம் இன்னும் நீளும். ஆகவே முதல் செலவு பிரேக்குக்கே.

பிற்கால மாடல்களில் வந்த 7 அங்குல முன் டிரம்மில் இரண்டு ஷூக்களும் சக்கரம் சுழலும் திசையிலேயே இழுக்கப்பட்டு அழுத்தும். இரண்டும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். பல வண்டிகளில் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்கிறது. புதிய கேபிள், நல்ல லைனிங், சரியான அட்ஜஸ்ட்மென்ட் ஆகிய இம்மூன்றுமே குறைந்த செலவில் பெரிய மாற்றம் தரும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய கடைப் பையன் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் விழாது. அடுத்த கியர் விழும்! பழக்கம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து வெளிச்சம்

மிகப் பழைய வண்டிகளில் 6 வோல்ட். 60 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் கரண்ட் வேண்டும்; 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். கரண்ட் பாதியானால் வயரில் வீணாவதும் குறையும். ஆனால் பல்பை மட்டும் மாற்றினால் போதாது. ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், பேட்டரி, ஹாரன் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பெரிய விளக்கு போடுவோர் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுப்பது நல்லது. பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் காலை நேர உதை குறையும்.

உப்புக் காற்றும் பெட்ரோலும்

உப்பளக் காற்று நம் வட்டாரத்துக்கே உரிய செலவு. ஸ்போக்ஸ், ரிம், சைலன்சர் ஆகியவற்றுக்கு முன்பே வயர் முனைகளில் பச்சை பூத்துவிடும். "எர்த் சரியில்லை" என்று மெக்கானிக் சொல்லும் கோளாறுகளில் பாதி இதுதான். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, முனைகளுக்குக் கிரீஸ் தடவினால் போதும்.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். குழாய்களையும் வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கடைசியாக வேகம்

1960களில் இங்கிலாந்து இளைஞர்கள் நார்ட்டன் வண்டியின் சட்டத்தில் டிரையம்ப் என்ஜினைப் பொருத்தி 'டிரைட்டன்' என்று பெயரிட்டு ஓட்டினார்கள். வேகப் பித்துப் பிடித்த அவர்கள்கூட, வளைவில் தடுமாறாத சட்டத்தைத் தேடி எடுத்த பிறகே பலமான என்ஜினை ஏற்றினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நம் புல்லட்டில் பெரிய கார்புரேட்டரும் அதிக அழுத்தம் தரும் பிஸ்டனும் போட்டால் சக்தி கூடும். ஆனால் அந்தச் சுமை கிராங்கிலும் கனெக்டிங் ராடின் அடிப் புஷ்ஷிலும் போய் விழும். அவற்றைப் பலப்படுத்தாமல் மேலே மட்டும் செலவு செய்வது, அஸ்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுவது போல. நீண்ட தூரம் போகிறவர்கள் கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் என்ஜின் நிதானமாக ஓடும். ஆனால் மூட்டை ஏற்றிக் கிளம்பும்போது இழுவை குறையும். சரக்கு ஏற்றுகிறவர்களுக்குப் பழையதே மேல்.

ஆர்.சி. புத்தகம் முக்கியம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. என்ஜினையே மாற்றுவது, பெட்ரோல் வண்டியை டீசலாக்குவது, கத்தும் சைலன்சர் போடுவது போன்றவற்றில் இறங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் போட்ட பணம் முடங்கும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் சிக்கல் வரும்.

ஆகவே கணக்கு இதுதான்: பிரேக், டயர், விளக்கு, வயரிங், பிறகு என்ஜின் பழுது, அதன் பிறகும் கையில் பணம் மிஞ்சினால் வேகம். வசூல் பையோடு இருட்டில் வீடு திரும்பும் வணிகருக்கு, சொன்ன இடத்தில் நிற்கும் வண்டியே நல்ல வண்டி. இந்த வாரமே ஒருநாள் கடை திறக்குமுன் முன் பிரேக்கைப் பிடித்துச் சோதித்துப் பார்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.