சாலைக்கென ஒதுக்கிய நிலம்: மூன்றாண்டுக் கெடுவும் உரிமையாளரின் நிலையும்

எதிர்காலச் சாலை ஒன்றுக்காக ஒரு நிலம் நகரமைப்புத் திட்டத்தில் ஒதுக்கப்படும்போது அதன் பட்டா மாறுவதில்லை, பத்திரம் மாறுவதில்லை, சொத்து வரியையும் பழைய உரிமையாளரே கட்டிவருகிறார். ஆனாலும் அந்தப் பகுதியில் வீடு கட்டவோ மாடி எழுப்பவோ அவருக்கு அனுமதி கிடைப்பதில்லை, விலை பேச வருபவர் விவரம் தெரிந்ததும் பின்வாங்குகிறார். உரிமை அவரிடமும் உரிமையின் பயன் வேறெங்கோவும் இருக்கும் இந்த இடைநிலை எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதே நிலச் சட்டத்தின் பழைய கேள்விகளில் ஒன்றாகும்.

ஒதுக்கீடு என்பதே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. வரப்போகும் சாலையின் தடத்தை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் அங்கே அடுக்குமாடிகள் எழுந்துவிடும். பிறகு அவற்றை இடித்து, குடியிருப்போரை வெளியேற்றி, பல மடங்கு விலை கொடுத்துத்தான் சாலை போட வேண்டியிருக்கும். சென்னை ராயப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் இந்தச் சிக்கல் கண்ணெதிரே தெரிகிறது. பீட்டர்ஸ் சாலையிலும் மியூசிக் அகாடமி சந்திப்பிலும் நெரிசலுக்கு மேம்பாலமே தீர்வானது. பக்கவாட்டில் அகலப்படுத்த இடம் எளிதில் கிடைக்காத நகரம் மேல்நோக்கித்தான் போக வேண்டியிருந்தது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, இந்த ஒதுக்கீட்டுக்கு அதிகாரமும் எல்லையும் ஒருசேர வகுத்தது. முழுமைத் திட்டத்திலோ (பெருநகர் முழுவதற்குமான நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டம்) விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ (ஒரு சிறு பகுதிக்குத் தெருவாரியாக வரையப்படுவது) ஒதுக்கப்படும் நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவையானதாகவே கருதப்படும் என்று அதன் 36ஆம் பிரிவு கூறுகிறது. 37ஆம் பிரிவு அதை வாங்கவும் கையகப்படுத்தவும் வழிசெய்கிறது. கடிவாளம் 38ஆம் பிரிவில் இருக்கிறது. திட்டம் தயாரிக்கப்பட்டது பற்றிய அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்துவதற்கான பிரகடனம் வெளியாகாமலும், உரிமையாளருடன் பேசி நிலம் வாங்கப்படாமலும் போனால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். மகாராஷ்டிரச் சட்டம் பத்து ஆண்டு காத்திருந்து, அதன் பின்னரும் உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் நிலையில், தமிழ்நாட்டின் கெடு குறுகியது, நோட்டீஸும் கேட்பதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கெடு முடிந்தது என்று யாரும் உரிமையாளருக்கு ஓலை அனுப்புவதில்லை, வரைபடத்தில் உள்ள கோடு தானாக அழிவதுமில்லை. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதே கோடு மீண்டும் காட்டப்படுகிறது. நிலம் சட்டப்படி எப்போதோ விடுபட்டுவிட்டது என்று சொல்ல வைக்க உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. இத்தகைய மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் புதியவையல்ல. சட்டம் தானாகவே தந்த விடுதலையை வழக்கறிஞர் கட்டணம் கொடுத்து வாங்க வேண்டியிருப்பது நிர்வாகத்தின் குறையே ஆகும்.

மேலும், இந்தக் கெடு வளர்ச்சித் திட்டங்களில் ஒதுக்கிய நிலத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 'ஸ்ட்ரீட் அலைன்மென்ட்' என்று அலுவலகங்களில் வழங்கும் தெரு எல்லைக் கோடு, சென்னை மாநகராட்சியின் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த வேறொரு ஏற்பாடு. இருக்கும் தெருவை எதிர்காலத்தில் எவ்வளவு அகலமாக்கலாம் என்பதை அது குறிக்கிறது; பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்ட அனுமதி கேட்பவர் கோட்டுக்கு வெளியே விழும் துண்டு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். தானம் என்ற பெயர் இருந்தாலும், கொடுக்காவிட்டால் அனுமதி இல்லை என்னும்போது அதில் மனமுவந்து கொடுப்பது எவ்வளவு என்பது சந்தேகத்துக்குரியது. விளைவைத் தெருவிலேயே பார்க்கலாம்: புதிதாகக் கட்டியவர் உள்ளே தள்ளியும் கட்டாதவர் பழைய இடத்திலேயே நீட்டியும் நிற்க, தெரு விழுந்தும் முளைத்தும் நிற்கும் பல்வரிசையாகிறது, நடுவில் கிடைத்த இடத்தில் டிரான்ஸ்பார்மரும் இருசக்கர வாகனங்களும் நிற்கின்றன, சாலை மட்டும் அகலமாவதில்லை.

இழப்பீட்டுச் சட்டத்தைப் பார்த்தால் தானத்துக்கும் கையகப்படுத்தலுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, நகர்ப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பும், ஆறுதல் தொகையாக அதே அளவு பணமும் தரப்பட வேண்டும். பணத்துக்குப் பதிலாக, இழந்த நிலத்தில் கட்டியிருக்கக்கூடிய பரப்பை வேறிடத்தில் கட்டவோ விற்கவோ உரிமை தரும் 'வளர்ச்சி உரிமை மாற்றம்' என்ற வழியும் விதிகளில் இருக்கிறது. தானப் பத்திரத்தில் ரொக்கம் என்ற பேச்சே எழுவதில்லை.

சொத்துரிமை 1978இல் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீங்கினாலும், சட்டத்தின் வழியன்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்ற 300ஏ பிரிவாக அரசியலமைப்பில் நிற்கிறது. கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2024இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக வகுத்துரைத்தது. முன்னறிவிப்பு, விசாரணை, நியாயமான இழப்பீடு ஆகியவற்றோடு, நடவடிக்கையைக் காலத்தோடு முடிப்பதும் அவற்றுள் ஒன்று. நிலம் எடுக்கும் முயற்சி நீதிமன்றத்தில் தடைபட்டதற்குச் சென்னையிலும் உதாரணம் உண்டு. ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் மெட்ரோ ரயில் நிலைய நுழைவாயிலுக்காக யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் தலைமை அலுவலக நிலத்தின் ஒரு பகுதியைக் கேட்ட நோட்டீஸை, 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து செய்தார். மெட்ரோ நிறுவனத்தின் தடையில்லாச் சான்றைப் பெற்றே அந்தக் கட்டடம் எழுந்திருந்தது என்பது அவ்வழக்கின் முக்கியமான செய்தி.

ஒதுக்கீடு எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்ற கேள்வி கடல் கடந்தும் எழுந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 1987இல் இயற்றிய சட்டத்தின்படி, வரப்போகும் நெடுஞ்சாலைத் தடத்தை வரைபடமாகப் பதிவு செய்தாலே அந்த நிலத்தில் கட்டட அனுமதியை நிறுத்திவைக்க முடிந்தது. கால வரம்பின்றி இப்படித் தடுப்பதும் நிலத்தை எடுத்துக்கொள்வதே, அதற்கு இழப்பீடு உண்டு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. 2019இல் சட்டமே நீக்கப்பட்டது.

சென்னையில் வீடோ மனையோ வாங்குபவர்கள் பெரும்பாலும் வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் பார்த்து நிறைவடைகிறார்கள். பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் வில்லங்கச் சான்றில் சாலை ஒதுக்கீடும் தெரு எல்லைக் கோடும் தெரிய வராது. சர்வே எண்ணைக் கொண்டு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியிலும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. அடுத்து மூன்றாம் திட்டத்தின் முறை. அதன் வரைவு பற்றிய அறிவிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். தத்தம் தெருவின் வரைபடத்தை அந்த நாட்களில் பார்த்து, எழுத்துமூலம் மனு கொடுத்து, அதன் நகலையும் அரசிதழ் அறிவிப்பின் தேதியையும் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது. மூன்றாண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.