பிஜிபி பியர் குழு

பியர் குழு என்பது, ஒரே வகை அமைப்புகள் தேவைப்படும் பல பிஜிபி அண்டைத் திசைவிகளை ஒரு பெயரின் கீழ்த் தொகுத்து, அந்த அமைப்புகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் முறையாகும். திசைவிகளில் மட்டுமன்றி, வழிப்படுத்தும் வேலையையும் செய்யும் அடுக்கு 3 ஸ்விட்சுகளிலும் இது பயன்படுகிறது. இக்கட்டுரையில் திசைவி என்ற சொல் அத்தகைய ஸ்விட்சுகளையும் குறிக்கும். தட்டச்சு வேலையைக் குறைக்கும் வசதியாகவே பியர் குழு பலருக்கும் முதலில் அறிமுகமாகிறது. ஆனால், எந்த அண்டைக்கு எந்த வழிகளை அறிவிக்கலாம், யாரிடமிருந்து எதை ஏற்கலாம் என்ற விதிகள் குழுவில்தான் எழுதப்படுகின்றன. எனவே யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பது பிணையத்தின் பாதுகாப்பைச் சார்ந்த கேள்வியுமாகும்.

பின்னணி

எல்லை நுழைவாயில் நெறிமுறை, சுருக்கமாக பிஜிபி, இணையத்தின் தன்னாட்சி அமைப்புகள் ஒன்றுக்கொன்று வழிகளை அறிவிக்க உதவும் நெறிமுறையாகும். 1989-ஆம் ஆண்டு கிர்க் லோஹீட், யாக்கோவ் ரெக்டர் ஆகியோர் உணவு மேசையில் கைதுடைக்கும் தாள்களில் எழுதிய குறிப்புகளிலிருந்து இது பிறந்தது. இப்போது நடப்பிலுள்ள நான்காம் பதிப்பை, 2006 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 4271 என்ற ஆவணம் வரையறுக்கிறது.

ஓஎஸ்பிஎஃப் போன்ற உள் நெறிமுறைகள், ஒரே இணைப்பில் உள்ள அண்டைத் திசைவிகளைப் பெரும்பாலும் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். பிஜிபி அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு அண்டையின் ஐபி முகவரியையும் தன்னாட்சி அமைப்பு எண்ணையும் நிர்வாகியே எழுத வேண்டும். அதன் பிறகுதான் டிசிபி 179-ஆம் துறையில் இருவருக்கும் இடையே அமர்வு தொடங்கும். மறுமுனையில் இருப்பது வேறொரு நிறுவனமாக இருக்கலாம் என்பதால், இந்தக் கண்டிப்பு தேவையானதே. அண்டைகளின் எண்ணிக்கை பெருகும்போதுதான் அது சுமையாகிறது.

எண்ணிக்கையும் பிழையும்

பெரிய தரவு மையங்களில் பிஜிபியையே உள் வழிப்படுத்தலுக்கும் பயன்படுத்தும் முறையை, 2016 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 7938 விவரிக்கிறது. அத்தகைய மையங்களில் சேவையகங்கள் இணைக்கப்பட்டுள்ள ஸ்விட்சுகள் லீஃப் எனவும், அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுகள் ஸ்பைன் எனவும் அழைக்கப்படும். ஒரு ஸ்பைன் ஸ்விட்சில் 32 லீஃப்கள் இணைந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு லீஃபுக்கும் தன்னாட்சி அமைப்பு எண், கடவுச்சொல், நேர அளவுகள், இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி, உள்வரும் வழிகளுக்கான கொள்கை, வெளிச்செல்லும் வழிகளுக்கான கொள்கை, ஏற்கும் முன்னொட்டுகளின் உச்ச வரம்பு என 7 வரிகள் வேண்டும். மொத்தம் 224 வரிகள். குழுவாக எழுதினால், குழுவை உருவாக்க ஒரு வரி, அதன் பண்புகளுக்கு 7 வரிகள், ஒவ்வொரு லீஃபையும் சேர்க்க 32 வரிகள் என 40 வரிகளில் முடிந்துவிடும்.

வரிகள் குறைவதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. 224 வரிகளில் ஒரேயொரு லீஃபுக்கு மட்டும் முன்னொட்டு வரம்பு விடுபட்டிருந்தால், அது கண்ணில் படாது. அமர்வு இயங்கும், போக்குவரத்தும் ஓடும். அந்த லீஃப் என்றோ ஒருநாள் தவறான வழிகளைக் கொட்டும்போதுதான் விடுபட்டது தெரியவரும். குழுவில் இந்த வகை விடுபடல் நேர்வது அரிது.

எழுதும் முறை

பரவலாகப் பயன்படும் எஃப்ஆர்ஆர் மென்பொருளில், முதலில் ‘நெய்பர் லீஃப்கள் பியர்-குரூப்’ என்ற கட்டளையால் குழு பிறக்கிறது; இங்கு ‘லீஃப்கள்’ என்பது நிர்வாகி தரும் பெயர். அடுத்து ‘நெய்பர் லீஃப்கள் ரிமோட்-ஏஎஸ் எக்ஸ்டர்னல்’ என்று எழுதினால், தன் எண்ணிலிருந்து வேறுபட்ட எந்தத் தன்னாட்சி அமைப்பு எண்ணும் ஏற்கப்படும். ஒவ்வொரு லீஃபுக்கும் தனி எண் தரப்பட்டிருக்கும் தரவு மையத்தில் இது வசதியானது. பிறகு ‘நெய்பர் 10.1.1.1 பியர்-குரூப் லீஃப்கள்’ என ஒவ்வொரு முகவரியாகச் சேர்க்க வேண்டும். குழுவில் தன்னாட்சி அமைப்பு எண் குறிக்கப்படாவிட்டால், உறுப்பினரைச் சேர்க்கும் முன்பே அதற்குரிய எண்ணைத் தனியாகத் தர வேண்டியிருக்கும்.

ஐபிவி6 வழிகளையும் பரிமாற வேண்டுமானால், அந்த முகவரிக் குடும்பத்தில் குழுவைத் தனியே செயற்படுத்த வேண்டும். அமர்வு எழுந்து நிற்கிறது, ஆனால் ஐபிவி6 வழி ஒன்றுகூட வரவில்லை என்ற புகாருக்குப் பல நேரங்களில் இந்த ஒரு வரி விடுபட்டதே காரணம்.

பொதுவாக, குழுவின் பண்பு உறுப்பினருக்கு இறங்கும். உறுப்பினருக்கெனத் தனியே எழுதியது குழுவின் பண்பை மீறும். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் மென்பொருளில் இதற்கு ஒரு விலக்கு இருந்தது. உள்வரும் கொள்கையை உறுப்பினர் மாற்றிக்கொள்ளலாம், வெளிச்செல்லும் கொள்கையை மாற்ற முடியாது. ஏனெனில் அக்காலத்தில் திசைவி, குழுவுக்கென அறிவிப்புச் செய்தியை ஒருமுறை மட்டும் தயாரித்து, அதையே எல்லா உறுப்பினர்களுக்கும் நகலெடுத்து அனுப்பியது. இதனால் செயலியின் வேலை வெகுவாகக் குறைந்தது. பின்னர், ஒரே வெளிச்செல்லும் கொள்கை கொண்ட அண்டைகளைத் திசைவியே கண்டறிந்து தொகுக்கும் வசதி வந்தது. அதன்பின் செயல்திறனுக்காகப் பியர் குழு எழுதும் தேவை இல்லாமற்போனது.

உறவைப் பொறுத்துப் பிரித்தல்

ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் அண்டைகள் மூன்று வகைப்படுவர்: பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், பணம் பெறும் மேல்நிலை வழங்குநர், பணமின்றிப் போக்குவரத்தைப் பரிமாறிக்கொள்ளும் இணையர். வாடிக்கையாளரின் வழிகளை எல்லோருக்கும் அறிவிக்கலாம். இணையரிடமோ மேல்நிலை வழங்குநரிடமோ கற்ற வழிகளை வாடிக்கையாளருக்கு மட்டுமே அறிவிக்கலாம். இந்த எல்லையைத் தாண்டி வழிகள் பரவுவதே ‘வழிக் கசிவு’ எனப்படும். 2017 ஆகஸ்ட் 25 அன்று, பிற நிறுவனங்களிடமிருந்து கற்ற வழிகளை கூகுள் தவறுதலாக வெரைசனுக்கு அறிவித்தது. அதனால் ஜப்பானிய பயனர்களுக்குரிய போக்குவரத்து கூகுளின் பிணையத்துக்குள் திரும்பி, அந்நாட்டில் இணையச் சேவை பரவலாகப் பாதிக்கப்பட்டது. தவறு சில நிமிடங்களில் திருத்தப்பட்டது.

இவ்வகைக் கசிவைத் தடுப்பது வெளிச்செல்லும் கொள்கையே என்பதால், மேற்சொன்ன மூன்று உறவுகளுக்கும் மூன்று குழுக்கள் வைப்பது நல்ல நடைமுறை. ஊர் வாரியாகவோ, ஸ்விட்சின் துறை வரிசைப்படியோ குழுக்களைப் பிரித்தால், ஒரே குழுவில் வாடிக்கையாளரும் வழங்குநரும் சேர்ந்துவிடுவர். அதைச் சரிக்கட்ட உறுப்பினர்தோறும் விதிவிலக்குகள் எழுத நேரும். குழு இருந்தும் பயனில்லை. கொள்கை எதுவும் எழுதப்படாத வெளி அமர்வில் வழிகளை ஏற்கவும் கூடாது, அறிவிக்கவும் கூடாது என 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8212 வகுத்தது.

முகவரி வரம்பால் சேர்த்தல்

சில மென்பொருள்களில் ‘பிஜிபி லிசன் ரேஞ்ச்’ என்ற கட்டளையால், ஒரு முகவரி வரம்பிலிருந்து வரும் எந்த அண்டையையும் தானாகக் குழுவில் சேர்க்கலாம். வரம்பு எழுதப்பட்ட ஸ்விட்ச் காத்திருக்கும்; மறுமுனைதான் அமர்வைத் தொடங்க வேண்டும். இரு முனைகளிலும் வரம்பை எழுதிவிட்டால் அமர்வு ஒருபோதும் எழாது. சேவையகங்கள் அடிக்கடி சேர்ந்து விலகும் இடத்தில் இது பெரிதும் உதவும். ஆயினும் அந்த வரம்பில் ஒரு முகவரியைப் பெற்றவர் யாராயினும் அண்டையாகிவிடக்கூடும் என்பதால், கடவுச்சொல், உள்வரும் முன்னொட்டு வடிகட்டி, அண்டைகளின் உச்ச எண்ணிக்கை ஆகிய மூன்றும் இல்லாமல் இதை இயக்குவது ஆபத்து.

மாற்றங்களின் விளைவு

குழுவில் கடவுச்சொல்லை மாற்றினால், மறுமுனைகளும் அதே நேரத்தில் மாறாதவரை எல்லா உறுப்பினர்களின் அமர்வுகளும் அறுந்து நிற்கும். எஃப்ஆர்ஆர் மென்பொருளில் குழுவை நீக்கினால் அதன் உறுப்பினர்களும் சேர்ந்தே நீங்குவர். 32 லீஃப்களும் ஒரே கட்டளையில் போய்விடும். அந்த வழிகளின் மூலமாகவே நிர்வாகி ஸ்விட்சுக்குள் நுழைந்திருந்தால், பிழையைத் திருத்த அவரால் திரும்ப நுழையவும் முடியாது. முன்னொட்டு வரம்பு மட்டும் குழுவில் எழுதப்பட்டாலும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியே கணக்கிடப்படும். அது குழுவின் மொத்த அளவு அன்று.

கொள்கையை மாற்றும்போது அமர்வை அறுக்கத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2918 வகுத்த வழிப் புதுப்பிப்பு வசதியால், அண்டையிடம் வழிகளை மீண்டும் அனுப்பும்படி கேட்கலாம். புதிய கொள்கையை முதலில் ஓர் உறுப்பினருக்கு மட்டும் தனியே எழுதி, அதற்கு அறிவிக்கப்படும் வழிகளைப் பார்த்த பிறகு குழுவுக்கு மாற்றுவது பாதுகாப்பான வரிசை. அந்தத் தனி வரியைப் பின்னர் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் அடுத்த மாற்றம் அந்த உறுப்பினரை மட்டும் எட்டாது.

சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் மென்பொருளில் இதே வசதி ‘நெய்பர்-குரூப்’ எனவும், நெக்சஸ் ஸ்விட்சுகளில் ‘டெம்ப்ளேட் பியர்’ எனவும் வழங்குகிறது. ஜூனிபரின் ஜூனோஸில் பிஜிபி அண்டைகள் குழுவுக்குள்ளேயே எழுதப்படுகின்றன. அங்குள்ள ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கட்டளையால் மாற்றத்தைச் செயற்படுத்தினால், 10 நிமிடங்களுக்குள் நிர்வாகி மீண்டும் உறுதிசெய்யாதபோது ஸ்விட்ச் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.